மாடிப்படிக் கம்பியை எடுத்துவிட்டுக் கண்ணாடி: நாமே போடலாமா?

02.03.2024, கேள்வி (மதுரை வாசகர்)

வீடு கட்டிப் பதினாலு வருஷம் ஆச்சு. ஹாலில் இருந்து மாடிக்குப் போகும் படிக்கு அப்போது இரும்புக் கம்பி கிரில் போட்டோம். அடிப்பகுதி எல்லாம் துரு. எடுத்துவிட்டுக் கண்ணாடி போடலாம் என்று நினைக்கிறேன். என்னிடம் டிரில், கிரைண்டர் இருக்கிறது. கண்ணாடிக் கடையில் "10 மி.மீ. சாதாக் கண்ணாடியே போதும், வேண்டுமென்றால் மேலே ஃபிலிம் ஒட்டிக்கலாம்" என்கிறார்கள். வீட்டில் நாலு வயதுப் பையன் இருக்கிறான். யாராவது சொந்தமாகச் செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

02.03.2024, இரவு

செய்திருக்கிறேன். கோவையில் எங்கள் வீட்டுப் படி, கிரானைட் போட்ட கான்கிரீட் படி. நான் பம்ப் கம்பெனி மெஷின் ஷாப்பில் வேலை செய்கிறவன். இரும்பு, ஸ்டீல் பழக்கம் உண்டு. கண்ணாடி புதுசு.

முதலில் அந்தக் கடைக்காரர் சொன்னதை மறந்துவிடுங்கள். சாதாக் கண்ணாடி எத்தனை மி.மீ. ஆனாலும் படிக்கு வேண்டாம். அது உடைந்தால் கத்தி கத்தியாகத்தான் உடையும். ஃபிலிம் துண்டுகளைக் கொஞ்சம் பிடித்து வைக்குமே தவிர கண்ணாடிக்குப் பலம் தராது. நாலு வயதுப் பையன் பொம்மைக் காரோடு ஓடிவந்து மோதுகிற இடம் அது. டஃபன்டு கண்ணாடி மட்டும்தான் வாங்க வேண்டும். லேண்டிங் (மாடியில் படி முடிகிற மேடை) மாதிரி இடங்களுக்கு அதிலும் ஒருபடி மேலே போகவேண்டும், அதைத் தனியாக எழுதுகிறேன்.

டஃபன்டு என்றால், கண்ணாடியை முழுதாக வெட்டி, ஓரம் பாலிஷ் போட்டு, துளையெல்லாம் போட்ட பிறகு 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இரண்டு பக்கமும் காற்றை வேகமாக அடித்துக் குளிரவைப்பது. வெளிப்பக்கம் முதலில் இறுகிவிடும், உள்பக்கம் பிறகு இறுகும்போது வெளிப்பக்கத்தை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த இறுக்கம்தான் பலம். சாதாக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு தாங்கும். உடைந்தால் கல்கண்டு அளவுக்குத் துண்டுகளாகக் கொட்டும். ஆனால் சூட்டில் போட்டு எடுத்த பிறகு அதில் ஒரு துளை போட முடியாது, ஓரத்தில் ஒரு மி.மீ. தேய்க்க முடியாது. தொட்டால் மொத்தமும் போய்விடும். அதனால் உங்கள் வேலை முழுக்க அளவில்தான் இருக்கிறது. டிரில்லும் கிரைண்டரும் அப்புறம்.

03.03.2024

"எந்த மாடல் போட்டீர்கள்" என்று மதுரைக்காரர் கேட்டிருந்தார். படியின் மேல் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தூண்கள், தூணுக்குத் தூண் நடுவில் கண்ணாடி, மேலே விட்டுப்போகாமல் ஓடும் கைப்பிடி பைப். அவ்வளவுதான். படங்களில் வருகிற, தூணும் இல்லாமல் பைப்பும் இல்லாமல் வெறும் கண்ணாடியாக நிற்கிற மாடல் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. நான்தான் வேண்டாம் என்று நின்றேன்.

காரணம் ஒன்றுதான். கண்ணாடி என்றைக்காவது உடையலாம். உடைந்த அந்த நிமிஷம் படியில் இருக்கிற ஆள் எதைப் பிடித்துக்கொள்வார்? தூணும் பைப்பும் இருந்தால் கண்ணாடி கொட்டினாலும் கைப்பிடி அங்கேயே நிற்கும். ஆளைத் தாங்குவது ஸ்டீல், இடைவெளியை அடைப்பது கண்ணாடி. வீட்டிலேயே செய்கிறவர்களுக்கு இதைவிட நம்பிக்கையான வழி எனக்குத் தெரியவில்லை.

05.03.2024

பழைய கிரில்லை எடுப்பது பற்றி.

தூண்களை ஆட்டிப் பிடுங்காதீர்கள். கிரானைட்டுக்குக் கீழே கான்கிரீட்டில் பதித்திருப்பார்கள், பிடுங்கினால் படி ஓரம் பெயர்ந்து வரும். கிரானைட்டுக்குக் கால் அங்குலம் மேலே அறுத்து, அப்புறம் மெதுவாகத் தேய்த்து மட்டமாக்குங்கள். புதுத் தூணின் பேஸ் பிளேட் (அடித்தகடு) அந்த இடத்தை மூடிக்கொள்ளும். ஆனால் ஆங்கர் (கான்கிரீட்டில் பதிக்கிற போல்ட்) துளை பழைய கம்பி மேல் விழாதபடி பிளேட்டை முன்கூட்டியே தாளில் வரைந்து வைத்துப் பார்க்கவும்.

கிரானைட்டில் துளை போடும்போது டிரில்லின் ஹேமரை (தட்டித் துளைக்கிற முறையை) அணைத்துவிட்டு வைரக் கோர் பிட்டில், தண்ணீர் விட்டு விட்டுப் போடவேண்டும். கல்லைத் தாண்டிக் கான்கிரீட் வந்த பிறகுதான் ஹேமர். ஓரத்துக்குப் பக்கத்தில் ஹேமர் போட்டால் கல் ஓரம் சில்லாகப் போகும்.

மொத்த கிரில்லையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். எடுத்த அன்று இரவு பையன் தூக்கக் கலக்கத்தில் இறங்கி வருவான். நாங்கள் மேல் பாதி, கீழ் பாதி என்று பிரித்துச் செய்தோம். எடுத்த பாதிக்குச் சவுக்குக் கம்பு குறுக்கே கட்டி வைத்தோம். பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று. அறுப்பது, தேய்ப்பது, வெல்டிங் எல்லாம் கண்ணாடி வீட்டுக்குள் வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கிரைண்டர் பொறி கண்ணாடி மேல் பட்டால் இரும்புத் தூள் உருகி உள்ளே பதிந்துவிடும். துடைத்தாலும் போகாது. பக்கத்து ஜன்னல் கண்ணாடிக்கும் இதுதான், சாக்கு போட்டு மூடுங்கள்.

06.03.2024

"காந்தம் ஒட்டவில்லை என்றால் அது 304 ஸ்டீல், தைரியமாக வாங்கலாம்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இது ஊரெல்லாம் சுற்றுகிற பேச்சு, சரியில்லை. 202 என்கிற ரகமும் காந்தத்தில் ஒட்டாது. இரண்டும் ஒரே வகைக் குடும்பம். 304-இல் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் அளவில் இருக்கும். 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். காந்தத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. வளைத்த இடத்தில், வெல்டிங் பக்கத்தில் 304-இலேயே லேசாக ஒட்டும், அதைப் பார்த்து நல்ல பைப்பை வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு.

கடையில் சின்ன பாட்டிலில் டெஸ்ட் லிக்விட் வைத்திருப்பார்கள். ஒரு சொட்டு விட்டு, பேட்டரியைத் தொட்டால் மாங்கனீசு அதிகமுள்ள 202 அடர்ந்த சிவப்பாக மாறும். அதைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். மதுரையில் வீட்டுக்குள் என்றால் 304 தாராளம். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் 316 பார்க்கவும்.

09.03.2024

அளவு எடுப்பது. இதுதான் முழு வேலை, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

தூண்கள் அத்தனையும் நட்டு, தூக்குக்குண்டு விட்டுச் செங்குத்து பார்த்து, போல்ட் இறுக்கி முடித்த பிறகுதான் கண்ணாடிக்கு அளவு. அதற்கு முன்னால் எடுக்கிற எந்த அளவும் கணக்கில் சேராது. பேப்பரில் படி 7 அங்குல உயரம், 10 அங்குல அகலம் என்று இருக்கும். கொத்தனார் கையில் கட்டிய படியில் ஒவ்வொன்றும் ஒரு நூல், இரண்டு நூல் மாறும். சாய்வு 35 டிகிரி என்று கணக்கில் வந்தாலும், எங்கள் வீட்டில் கீழ்ப் பாதிக்கும் மேல் பாதிக்கும் ஒரே சாய்வு இல்லை.

படியில் வருகிற கண்ணாடி நீள்சதுரம் இல்லை. இரண்டு பக்க ஓரமும் செங்குத்து, மேல் ஓரமும் கீழ் ஓரமும் சாய்வு. இந்த வடிவத்தை நாலு அளவில் எழுதிக் கொடுத்தால் போதாது, கோணம் மாறினால் எல்லாம் மாறும். அதனால் மெல்லிய பிளைவுட்டில் ஒவ்வொரு இடைவெளிக்கும் தனித்தனி டெம்ப்ளேட் வெட்டினேன். இரண்டு தூணுக்கும் நடுவே பிளைவுட்டைப் பிடித்து, கீழே படி மூக்கிலிருந்து (படியின் முன் விளிம்பு) ஒரே உயரத்துக்குக் கட்டைத் துண்டு வைத்து நிறுத்தி, கண்ணாடியைத் தூணோடு பிடிக்கிற கிளாம்ப் எங்கே வருகிறதோ அங்கே பென்சிலால் குறித்து, சீவிச் சீவி உட்கார வைத்தேன். உட்கார்ந்த பிறகு கையை எடுத்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்று பார்க்கவேண்டும். மேல் ஓரமும் கைப்பிடியும் ஒரே கோடாக ஓடுகிறதா என்று அங்கிருந்துதான் தெரியும். பக்கத்தில் நின்றால் தெரியாது. எங்கள் வீட்டில் நடு டெம்ப்ளேட் ஒன்றின் மேல் ஓரம் பைப்போடு சேராமல் விலகியது. அளவு நாடாவில் சரியாகவே இருந்தது, கண்ணுக்குத்தான் பிடிபட்டது.

நூலுக்கும் மி.மீ.க்கும் நடுவில் பணம் போகும் இடம் இது: நம் ஆசாரிகள், கண்ணாடிக் கடைக்காரர்கள் அங்குலம், நூலில் பேசுவார்கள். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல், ஒரு நூல் என்றால் 3 மி.மீ.க்குச் சற்றுக் கூட. டஃபன் செய்கிற தொழிற்சாலை மி.மீ.யில்தான் வெட்டும். 35 அங்குலம் 3 நூல் என்பது 898.5 மி.மீ. அதை ஒருவர் 35.3 என்று எழுத, அடுத்தவர் அதை அங்குலத் தசமமாகப் படித்தால் 896.6 ஆகும். 35 அங்குலமும் 3 மி.மீ.யும் என்று படித்தால் 892. டஃபன் ஆனபின் திருத்த வழியே இல்லை. அதனால் தாளில் மி.மீ. மட்டும் எழுதி, கூடவே டெம்ப்ளேட்டையும் கொடுத்தேன். "தகராறு வந்தால் டெம்ப்ளேட்தான் கணக்கு" என்று பில்லிலேயே எழுதி வாங்கினேன்.

09.03.2024, சற்று முன் எழுதியதோடு

டெம்ப்ளேட்டில் "ஹால் பக்கம்" என்று ஒரு முகத்தில் எழுதி, மேல் ஓரத்துக்கு அம்புக்குறி போடுங்கள். கண்ணாடியில் போடுகிற டஃபன்டு முத்திரை எந்த மூலையில் வரவேண்டும் என்பதையும் அப்போதே குறித்தால் எல்லாக் கண்ணாடியிலும் ஒரே மூலையில் வரும்.

11.03.2024

பில் பற்றி ஒரு விஷயம், இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள்.

சாய்வுக் கண்ணாடிக்கு அதன் பரப்பளவுக்குப் பணம் வாங்குவதில்லை. அது அடங்குகிற நீள்சதுரத்துக்குத்தான் வாங்குவார்கள். நியாயம்தான், மீதி வெட்டுத் துண்டு அவர்களுக்கு உதவாது. ஆனால் எந்த நீள்சதுரம் என்பதில் இருக்கிறது விஷயம். 36 அங்குல அகலம், 30 அங்குல உயரம், 35 டிகிரி சாய்வு என்று வையுங்கள். கண்ணாடியின் சொந்தப் பரப்பு ஏழரை சதுர அடி. படியில் நிற்கிற மாதிரியே நிமிர்த்தி வைத்து நீள்சதுரம் போட்டால் கிட்டத்தட்ட 14 சதுர அடி. அதையே சாய்வு ஓரம் தரையோடு படுக்கிற மாதிரி திருப்பிப் போட்டால் பத்தரை சதுர அடிக்குள் அடங்கிவிடும். நான் வாங்கிய கடையில் இதைத் தாளில் வரைந்து காட்டினேன், ஒத்துக்கொண்டு அப்படியே போட்டார்கள். துளைக்குத் தனி, ஓரப் பாலிஷுக்கு அடிக்கணக்கில் தனி, அதெல்லாம் எல்லா ஊரிலும் உண்டு.

14.03.2024

கண்ணாடி எடை: ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மி.மீ. கனத்துக்கும் இரண்டரை கிலோ. 10 மி.மீ. என்றால் 25 கிலோ. மேலே சொன்ன ஏழரை சதுர அடித் துண்டு 17 கிலோ சொச்சம். ஒரு ஆள் தூக்கலாம், ஆனால் படியில் ஒரு ஆள் தூக்கக்கூடாது.

வந்து இறங்கும்போது வேனில் இருந்த பையன் ஒரு பலகையை நேராக டைல்ஸ் மேல் நிறுத்தப் போனார். என் மச்சான் கையைக் கொடுத்துத் தடுத்துவிட்டார். டஃபன்டு கண்ணாடியின் முகத்தில் சுத்தியலால் லேசாகத் தட்டினாலும் தாங்கும். ஓரம், அதிலும் மூலை, டைல்ஸ் அல்லது கிரானைட்டில் டக்கென்று பட்டால் அவ்வளவுதான், மொத்தமும் கொட்டும். எங்கே வைத்தாலும் அடியில் இரண்டு மரக்கட்டை, கட்டை மேல் ரப்பரோ பழைய சைக்கிள் டியூபோ போட்டு, சுவரில் கொஞ்சம் சாய்த்து நிறுத்துங்கள். படுக்க வைக்காதீர்கள்.

இறக்கிய உடனே மூலையில் ஐ.எஸ். 2553 (இந்தியத் தர எண்) முத்திரை இருக்கிறதா பாருங்கள். சந்தேகம் இருந்தால் போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டு, காலை வானத்தின் வெளிச்சம் கண்ணாடி வழியாக வரும்படி சாய்வாகப் பாருங்கள். டஃபன்டு என்றால் வரிவரியாக அல்லது புள்ளிபுள்ளியாக நிழல் தெரியும், காற்றடித்துக் குளிரவைத்த தடம் அது. என் மகளுக்கு அது பிடித்துப்போய், இப்போது தெருவில் எந்தக் காரைப் பார்த்தாலும் கூலிங் கிளாஸ் கேட்கிறாள்.

15.03.2024

ஓரம் பட்டால் ஏன் மொத்தமும் போகிறது என்று கேட்டிருந்தார்கள். இதே விளையாட்டை 17-ஆம் நூற்றாண்டிலேயே பார்த்திருக்கிறார்கள். உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் சொட்டவிட்டால் வால் வைத்த துளியாக உறையும். தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. வாலை ஒடித்தால் முழுத் துளியும் தூளாகும். ரூபர்ட் இளவரசர் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து காட்டியதால் அவர் பெயரே அதற்கு நின்றுவிட்டது. 1661-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அதை வைத்துச் சோதனை செய்திருக்கிறார்கள். வெளியே அழுத்தம், உள்ளே இழுவிசை, இரண்டும் சரிக்குச் சரியாக நிற்கின்றன. ஒரு இடத்தில் வெளித்தோலைத் தாண்டி உள்ளே விரிசல் போனால் அந்தச் சமநிலை போய்விடும், விரிசல் நிற்க இடமே இல்லை. கண்ணாடியின் ஓரத்தில் அந்த வெளித்தோலைத் தாண்டுவது சுலபம்.

பள்ளியில் இதை யாராவது காட்டியிருந்தால் இயற்பியலை இன்னும் கொஞ்சம் பிரியமாகப் படித்திருப்பேன்.

22.03.2024

மாட்டுவது.

தூணில் வருகிற கிளாம்ப்புக்குள் இரண்டு பக்கமும் ரப்பர். 10 மி.மீ. கண்ணாடிக்கு 10 மி.மீ. ரப்பர்தான் போடவேண்டும், 12-க்கானதைப் போட்டு இறுக்கிச் சமாளிக்கக்கூடாது. கண்ணாடியில் எங்கும் ஸ்டீல் நேராகத் தொடக்கூடாது. ஒரு தாளைக் கிளாம்ப் வாயில் ஓட்டிப் பாருங்கள், ரப்பர் விலகி ஸ்டீல் முட்டுகிற இடத்தில் தாள் சிக்கும்.

கிளாம்ப் பிடியை மட்டும் நம்பாதீர்கள். ரப்பர் நாளாக நாளாக அமுங்கும், கண்ணாடி மெல்லக் கீழே இறங்கும். கீழ்க் கிளாம்ப்பில் பின் இருக்கிற மாடல் வாங்கி, அந்தப் பின்னுக்குக் கண்ணாடியில் டஃபன் செய்வதற்கு முன்பே துளை போட்டிருக்க வேண்டும், அல்லது கண்ணாடி அடி ஓரம் உட்கார ஒரு சின்ன தாங்கி வேண்டும். நான் பின் வைத்தேன். துளைக்குள் நைலான் புஷ்.

இறுக்குவதில் பலம் காட்டவேண்டாம். நாலு கிளாம்ப்பையும் கை இறுக்கமாக வைத்து, கண்ணாடியை நடுவில் கொண்டுவந்து, அப்புறம் மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக. ரப்பர் லேசாகப் பிதுங்க ஆரம்பித்ததும் நிறுத்துங்கள். சிலிக்கான் எங்காவது போடுவதென்றால் காடி வாசம் அடிக்கிறது வேண்டாம், அதில் வருகிற அமிலம் உலோகத்துக்கும், இரண்டு கண்ணாடியை ஒட்டிச் செய்கிற லேமினேட்டின் ஓரத்துக்கும் ஆகாது. நியூட்ரல் என்று எழுதியதை வாங்கவும்.

29.03.2024

லேண்டிங் பற்றி எழுதுகிறேன் என்றேன்.

படியின் கீழ்ப் பகுதியில் ஒரு கண்ணாடி கொட்டினால் ஆள் விழுவது நாலைந்து படி உயரம். எங்கள் மேல் லேண்டிங்கில் இருந்து விழுந்தால் ஹால் தரை, பத்து அடிக்கு மேல். ஹாலில் அந்த இடத்துக்கு நேர் கீழேதான் சோபா. அங்கே ஒற்றைக் கண்ணாடி போடத்தான் முதலில் எண்ணம், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தெரியவேண்டும் என்பதற்காக. ஆர்டர் கொடுப்பதற்கு முந்தின வாரம் மனசு மாறியது. டஃபன்டு கண்ணாடி சில சமயம் யாரும் தொடாமல் தானாகவே வெடிக்கும். கண்ணாடிக்குள் நிக்கல் சல்ஃபைடு என்ற நுண்ணிய துகள் சிக்கியிருந்தால், அது மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்லப் பெரிதாகி உள்ளிருந்தே உடைக்கும். அரிதுதான். 250 டிகிரிக்கு மேல் சூட்டில் சில மணி நேரம் வைத்து, உடைய வேண்டியதைத் தொழிற்சாலையிலேயே உடைய விடுகிற சோதனையும் உண்டு, ஹீட் சோக் என்று கேட்டால் செய்து தருவார்கள். அது ஆபத்தைக் குறைக்கும், முழுதாக நீக்காது.

அதனால் லேண்டிங்குக்கு மட்டும் லேமினேட்: 5 மி.மீ. டஃபன்டு இரண்டு, நடுவில் 1.52 மி.மீ. பி.வி.பி. என்கிற பிளாஸ்டிக் தாள். ஒன்று உடைந்தாலும் மற்றது நிற்கும், துண்டுகள் தாளிலேயே ஒட்டியிருக்கும். இரண்டும் உடைந்தால் ஈரத்துணி போல மடங்கித் தொங்கும், அப்போதும் கைப்பிடி பைப் இருக்கிறது. படிக் கண்ணாடிக்கும் இதற்கும் நிற வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை, ஓரத்தைக் குனிந்து பார்த்தால்தான் நடுவில் கோடு தெரியும். மதுரைக்காரருக்கு இதைத்தான் அழுத்திச் சொல்வேன்: காசு குறைக்க வேண்டுமென்றால் பைப் பாலிஷில் குறையுங்கள், இங்கே குறைக்காதீர்கள்.

12.04.2024, மதுரை வாசகர்

எல்லாம் படித்தேன் அண்ணா. ஆனாலும் வீட்டில் தூண் வேண்டாம் என்கிறார்கள். படியின் பக்கவாட்டில் ஸ்டட் (கண்ணாடித் துளை வழியாகப் பிடிக்கிற தடித்த போல்ட்) போட்டு 12 மி.மீ. கண்ணாடியை நேராக மாட்டிவிட்டால் என்ன?

12.04.2024, இரவு

தம்பி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டுக்குள் இருக்கும் தனிப் படிக் கைப்பிடிக்கு ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதி ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.35 கிலோநியூட்டன் பக்கத் தள்ளு என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது, பொதுவான படிகளுக்கு 0.75. கல்யாண வீட்டில் லேண்டிங்கில் சாய்ந்து நிற்கிற கூட்டத்தை நினைத்து நான் பெரியதையே எடுப்பேன். அதாவது மேல் ஓரத்தில் மீட்டருக்கு 75 கிலோ. ஸ்டட் போடும் இடத்திலிருந்து மேல் ஓரம் ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர் சொச்சம் உயரம். ஸ்டட் இரண்டு வரிசைக்கும் நடுவே 10 சென்டிமீட்டர்தான் கிடைக்கும். உயரத்தை அந்த இடைவெளியால் வகுத்து 75-ஆல் பெருக்கினால் மேல் வரிசை ஸ்டட்களை வெளியே பிடுங்குகிற விசை மீட்டருக்கு 800 கிலோவைத் தாண்டும்.

அந்த விசை போய் நிற்பது எங்கே? ஐந்து அங்குல லேண்டிங் ஸ்லாப்பின் ஓரத்தில், மேலேயும் கீழேயும் அரை அங்குலச் சொச்சம் கான்கிரீட் மட்டும் இருக்கிற இடத்தில். சாதா விரிவு ஆங்கர் துளைக்குள் விரிந்து பிடிப்பது, இறுக்கும்போதே ஓரம் பிளக்கும். பசை விட்டுப் பதிக்கிற கெமிக்கல் ஆங்கர் போடலாம், துளைத் தூளை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதிச் சுத்தம் செய்தால்தான் பிடிக்கும். ஸ்லாப்பில் கம்பி எங்கே ஓடுகிறது என்று பதினாலு வருஷம் கழித்து யாருக்குத் தெரியும்? அதோடு உடைந்தால் பிடிக்க ஒன்றும் இல்லை. இந்த மாடல் தப்பு என்று சொல்லவில்லை. கட்டிடப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து, கணக்குப் போட்டு, லேமினேட் கண்ணாடியில் செய்தால் அழகாகவே நிற்கும். ஞாயிற்றுக்கிழமை டிரில்லோடு நாமே செய்கிற வேலை அது இல்லை.

தூண்தான் பிரச்சினை என்றால், தூணையே படியின் பக்கவாட்டில் மாட்டலாம். அப்போது படி முழு அகலம் கிடைக்கும். இன்னொரு பெரிய லாபமும் உண்டு, நாளை எழுதுகிறேன்.

13.04.2024

அந்த லாபம்: முக்கோணச் சந்து.

கண்ணாடி படிக்கு மேலே நின்றால், சாய்ந்த அடி ஓரத்துக்கும் படியின் உள் மூலைக்கும் நடுவே ஒவ்வொரு படியிலும் ஒரு முக்கோணம் திறந்திருக்கும். அமெரிக்கக் குடியிருப்பு விதியில் அந்த முக்கோணத்துக்குள் 6 அங்குலப் பந்து நுழையக்கூடாது, லேண்டிங் தடுப்பில் 4 அங்குலப் பந்து நுழையக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். குழந்தையின் உடலும் தலையும்தான் அந்த அளவுகளுக்குக் காரணம்.

7-க்கு 10 படியில் கண்ணாடி அடி ஓரம் படி மூக்கைவிட ஒரு அங்குலம் மேலே இருந்தால் முக்கோணத்தில் ஐந்தரை அங்குலப் பந்து வரை நுழையும், பரவாயில்லை. பெருக்க வசதி என்று மூன்று அங்குலம் விட்டால் அது ஆறரையைத் தாண்டிவிடும். நிறைய வீடுகளில் மூன்று, நாலு அங்குலம் விட்டிருப்பதைப் பார்க்கிறேன், மனசு அடித்துக்கொள்கிறது. தூணைப் பக்கவாட்டில் மாட்டினால் கண்ணாடி படி ஓரத்துக்கு வெளியே வரும், அடி ஓரத்தைப் படி மூலைக்கும் கீழே இறக்கிவிடலாம், முக்கோணமே இருக்காது. கண்ணாடி உயரம் கூடும், எடை கூடும், பில்லும் கூடும். நாலு வயதுப் பையன் இருக்கிற வீட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன். எங்கள் மகளுக்குப் பத்து வயது, அதனால் நாங்கள் மேலேயே ஒரு அங்குலத்தில் நிறுத்திக்கொண்டோம்.

மேலேயும் இதே கணக்கு. கண்ணாடி மேல் ஓரத்துக்கும் கைப்பிடி பைப்புக்கும் நடுவே நாலு அங்குலத்துக்கு மேல் விடாதீர்கள்.

19.05.2024

ஒரு மாற்று யோசனை. தெளிந்த கண்ணாடிதான் அழகு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா ஊரிலிருந்து வந்து தங்கினார்கள். முதல் நாளே பாதிப் படியில் நின்றுவிட்டார்கள். "கீழ பாத்தா தலை சுத்துது சாமி, படி எங்க முடியுதுன்னே தெரியல" என்றார்கள். கம்பி கிரில் இருந்தபோது கண்ணுக்கு ஒரு தடுப்பு இருந்தது. இப்போது ஹால் தரை நேராகத் தெரிகிறது.

கண்ணாடியின் கீழ்ப்பகுதியில், படிச் சாய்வோடு ஓடும்படி ஓரடி உயரத்துக்கு ஃப்ராஸ்ட் ஃபிலிம் ஒட்டினேன். கால் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு பட்டை வந்ததும் அம்மாவுக்குப் பயம் போனது. வெளிச்சமும் குறையவில்லை. சுவர்ப் பக்கம் ஒரு கைப்பிடியும் சேர்த்துப் போட்டோம், சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி. பைப் ஒன்றரை அங்குலம். இரண்டரை அங்குல பைப் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், வயதானவர் கை அதைச் சுற்றாது. இறங்கும்போது பிடி முக்கியம், ஏறும்போதுகூட இல்லை. முதியவர் இருக்கிற வீடு என்றால் கண்ணாடி மாடல் பார்ப்பதற்கு முன்னால் அவர்கள் கையைப் பைப் மேல் வைத்துப் பார்க்கச் சொல்லி வாங்குங்கள்.

23.06.2024

துடைப்பது பற்றிக் கேட்டவருக்கு: போர் தண்ணீரில் துடைத்தால் உப்புத் திட்டு நிற்கும். சிறுவாணித் தண்ணீர் வருகிற நாளில் ஒரு வாளி பிடித்து வைத்துத் துடைக்கிறோம், திட்டே இல்லை. உங்கள் ஊரில் ஆர்.ஓ. தண்ணீர் போதும். ஃபிலிம் ஒட்டிய பக்கம் உப்புத்தாள், கத்தி எதுவும் வேண்டாம். மகளின் நண்பர்கள் வந்து போனால் மூக்கு அச்சு எல்லாக் கண்ணாடியிலும் இருக்கும், அதற்கு வழி கிடையாது.

18.08.2024, மதுரை வாசகர்

பக்கவாட்டுத் தூண், படிக்கு 10 மி.மீ., லேண்டிங்குக்கு லேமினேட் என்று முடிவு செய்து, டெம்ப்ளேட் வெட்டிக் கொடுத்தாயிற்று. மூன்று வாரம் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை கிரில் இல்லாத பக்கம் கம்பு கட்டியிருக்கிறோம். மாட்டிய பிறகு ஏதாவது பார்க்கவேண்டுமா?

18.08.2024

நல்ல செய்தி தம்பி. கம்பைத் தினம் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள், கயிறு தளரும்.

மாட்டி இரண்டு மூன்று மாதத்தில் ரப்பர் அமுங்கியிருக்கும். எல்லாக் கிளாம்ப் ஸ்குருவையும் ஆலன் கீ வைத்துத் தொட்டுப் பாருங்கள், கால் சுற்று வரை போகும், அதற்கு மேல் போனால் ரப்பரைக் கழற்றிப் பார்க்கவும். கண்ணாடி அடி ஓரத்துக்கு நேராகத் தூணில் பென்சில் கோடு ஒன்று போட்டு வையுங்கள், இறங்கியிருந்தால் அது காட்டிக்கொடுக்கும். தூண் அடி ஆங்கர் நட்டையும் அப்போதே பாருங்கள், பைப்பைப் பிடித்துத் தள்ளும்போது நடுங்கினால் கண்ணாடியில் கை வைக்காமல் நட்டை மட்டும் இறுக்குங்கள்.

லேமினேட் 11.52 மி.மீ. வரும். அதற்கு 12 மி.மீ. ரப்பர் கேளுங்கள், 10 மி.மீ. செட்டையே எல்லாவற்றுக்கும் சேர்த்து அனுப்பிவிடுவார்கள். கண்ணாடி வருவதற்கு முன்பே பாக்கெட்டைப் பிரித்து எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.